தேயிலை மலையில் நாயின் பல்லும் ஈறும்: உணவால் காக்கும் வழிகள்

வளர்ந்த நாயின் வாயில் 42 பற்கள் உண்டு. மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22. பிறந்த மூன்றாம் வாரத்தில் முளைக்கத் தொடங்கும் 28 பால்பற்கள் நான்காம் மாதத்திலிருந்து விழுந்து, ஏழாம் மாதத்துக்குள் நிலைப்பற்களுக்கு இடம் விடுகின்றன. இந்தப் பற்களுக்கு வரும் கேடுகளில் முதலிடம் சொத்தைக்கு இல்லை, ஈறுநோய்க்குத்தான். இரண்டு வயதாகும்போதே 80 விழுக்காட்டு நாய்களிடம் ஏதோ ஒரு கட்டத்தில் ஈறுநோய் இருக்கும் என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் பல் வழிகாட்டி கூறுகிறது. உடல் சிறுத்த இனங்களில் பற்கள் நெருக்கமாக அமைவதால் நோய் முந்தி வருகிறது.

இந்த நோயை உணவால் எந்த அளவுக்குத் தடுக்கலாம், எந்த இடத்தில் உணவின் பயன் முடிகிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் இதற்கு ஏற்ற களம். வீட்டுச் சோறு, சந்தைக் காய்கறி, கடைத் தீவனம் என நாயுணவின் மூன்று வகையும் இங்கே அருகருகே புழங்குகின்றன.

ஊத்தை காரையாவது எப்படி

பல்லைத் துடைத்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் அதன்மேல் மெல்லிய ஏடாகப் படிகின்றன. அந்த ஏட்டில் நுண்ணுயிர்கள் ஒட்டிப் பெருகி, ஒரு நாளில் வழவழப்பான ஊத்தையாகின்றன. ஊத்தையை விரலாலோ துணியாலோ துடைத்துவிடலாம். துடைக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரண்டு, மூன்று நாளில் அதில் இறுகிக் காரையாகிறது. காரை துணிக்கு வராது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நாயின் உமிழ்நீர் மனிதனுடையதைவிடக் காரத்தன்மை மிகுந்தது. அமிலத்தால் வரும் சொத்தை அதனால் நாய்க்கு அரிது. அதே காரத்தன்மை காரை படிவதை விரைவுபடுத்துகிறது. சோற்று மாவை வாயிலேயே சர்க்கரையாக்கும் நொதியும் நாயின் உமிழ்நீரில் இல்லை எனலாம். மனிதப் பல்லைப் பற்றிய அறிவை நாய்க்கு அப்படியே பொருத்த முடியாததற்கு இவை காரணங்கள். சர்க்கரையைக் குறைத்துவிட்டால் நாயின் வாய் நலமாகும் என்ற கணக்கு பலிக்காது.

காரை தன்னளவில் பெருந்தீங்கு செய்வதில்லை. அதன் சொரசொரப்பில் புதிய ஊத்தை எளிதில் தங்குகிறது. ஈறும் பல்லும் சேரும் விளிம்புக்குள் ஊத்தை இறங்கும்போதுதான் ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இந்த ஈறழற்சி முதல் கட்டம். ஊத்தையை நீக்கினால் முற்றிலும் மீளும். அடுத்த கட்டங்களில் பல்லைத் தாங்கும் நாரும் எலும்பும் கரைகின்றன. தாங்குதிசு கால் பங்குக்குக் குறைவாக இழக்கப்பட்டால் இரண்டாம் கட்டம், பாதி வரை போனால் மூன்றாம் கட்டம், பாதிக்கு மேல் நான்காம் கட்டம். கரைந்த எலும்பு உணவால் திரும்ப வளராது.

வீட்டில் பார்க்க எளிய இடம் ஒன்று உண்டு. வாயைத் திறக்க வேண்டியதில்லை. நாயின் மேலுதட்டைக் கட்டைவிரலால் பின்னோக்கி உயர்த்தினாலே மேல்வரிசையின் மிகப் பெரிய பல் தெரியும். அது நான்காம் முன்கடைவாய்ப் பல். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லோடு கத்தரி அலகு போல உரசி இறைச்சியை அறுப்பது அதன் வேலை. பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அதற்கு நேர் எதிரே கன்னத்தில் திறப்பதால் காரை முதலில் படிவதும் அதன் வெளிப்புறத்தில்தான். ஈறோரம் மஞ்சளாகத் தொடங்கி, பழுப்பேறி, முற்றிய வாயில் பல்லே தெரியாத அளவுக்கு ஓடாக மூடிவிடும்.

மலைத்தோட்டத்து நாயின் தட்டு

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் குறித்துவைத்த இந்த மலையில், 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. ஹாபு, சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி எனத் தோட்டங்கள் விரிய, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வீடுகளான லயங்களில் குடியேறின. லயத்து நாய்க்குத் தனிச் சமையல் கிடையாது. மிஞ்சிய சோறு, பருப்பு, மீன்குழம்பு, நெத்திலித் தலை, தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டு ஆகியவையே அதன் உணவு.

மலைக்கு அதற்கும் முந்திய நாய்களும் உண்டு. செமாய் உள்ளிட்ட ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாக நாய் வளர்ப்பவர்கள். கேமரன் மலையில் பிறந்து ஓடும் தெலோம் ஆற்றின் பெயரால் ‘தெலோமியன்’ என்றே ஒரு நாயினம் அறியப்படுகிறது. மானிடவியலாளர் ஆர்வில் எலியட் 1963இல் ஓராங் அஸ்லி குடியிருப்பில் கண்ட இந்த நாய்கள் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

இன்று தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. கொழுந்து பறிப்பதில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத் தொழிலாளர்களே மிகுதி. நாய்கள் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட், கம்போங் ராஜா வீடுகளிலும், சரிவுகளிலுள்ள காய்கறித் தோட்டங்களின் காவலிலும் இருக்கின்றன. கடைத் தீவனம் வந்துவிட்டாலும் சோறும் குழம்பும் தட்டை விட்டுப் போகவில்லை.

சோறு நாய்க்கு ஒவ்வாத உணவு என்பது சரியன்று. மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரு படிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதை 2013இல் எரிக் ஆக்செல்சன் குழு காட்டியது. மனிதரோடு வாழ்ந்து மனிதச் சோற்றைச் செரிக்கப் பழகிய உயிர் நாய். பல்லின் நோக்கில் சோற்றுத் தட்டின் குறை வேறு. குழம்பில் குழைந்த சோற்றை நாய் நக்கி விழுங்குகிறது. ஒரு தட்டு காலியாக ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அதற்குள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் உரசும் தேவையே எழுவதில்லை. வயிறு நிறைகிறது, பல்லுக்கு வேலை இல்லை.

மென்மையும் கடினமும்: ஆய்வுகள் காட்டுவது

மென்மையான உணவு பல்லில் ஒட்டி நோயாகிறது என்பது பரவலான எண்ணம். 1965இல் ஸ்வீடனின் யான் எகல்பெர்க் நாய்களில் செய்த சோதனைகள் இதைத் திருத்தின. மென்மையான உணவு உண்ட நாய்களிடம் கடின உணவு உண்டவற்றைவிட ஊத்தை கூடியது உண்மை. ஆனால் வாய்வழி ஊட்டாமல் குழாய் வழியே உணவு செலுத்திய நாய்களிடமும் ஊத்தை படிந்தது. ஊத்தை, உணவின் எச்சத்தால் ஆனதன்று. மென்மையான உணவின் குற்றம், பல்லைத் தேய்க்காமல் விடுவது.

உலர்தீவனம் எவ்வளவு தேய்க்கிறது என்பதில் முடிவுகள் மாறுபடுகின்றன. 1996இல் ஹார்வி குழு வட அமெரிக்காவில் 1,350 வளர்ப்பு நாய்களின் வாயைப் பார்த்தது. உலர்தீவனம் மட்டுமே தின்றவற்றுக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மெல்லுவதற்குப் பலவகைப் பொருள்கள் கிடைத்த நாய்களுக்கோ காரையும் ஈறழற்சியும் எலும்புத் தேய்வும் குறைவாக இருந்தன. 2006இல் போலந்தில் 6,371 நாய்களைப் பார்த்த காவோர் குழுவோ, உலர்தீவனம் தின்றவற்றின் வாய் மேலானது என்று கண்டது.

இந்த முரண்பாட்டின் விளக்கம் தீவன மணியின் அமைப்பில் இருக்கிறது. சாதாரண மணி சிறியது, மொறுமொறுப்பானது. பல்லின் முனை பட்டதுமே உடைந்துவிடும். ஊத்தை தங்கும் ஈறோரத்தை அது தொடுவதே இல்லை. பல மணிகள் மெல்லப்படாமலே விழுங்கப்படுகின்றன. பெரிதாக, நார்ப்பிடிப்போடு செய்த மணியில் பல் ஆழ இறங்கிய பிறகே அது உடையும். இறங்கும்போது ஈறுவரை துடைத்துச் செல்லும். 2007இல் எனே குழு, மணியின் விட்டத்தை 50 விழுக்காடு கூட்டியதால் மட்டுமே காரை 42 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

‘இயற்கை உணவு’ தின்றால் பல் தானே நலமாக இருக்கும் என்பாரும் உண்டு. வேட்டையாடி உண்ணும் ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் மண்டையோடுகள் 29ஐ 1999இல் ஸ்டீன்காம்ப், கோரல் இருவரும் ஆராய்ந்தனர். 41 விழுக்காட்டில் ஈறுநோயின் அடையாளம் இருந்தது. 48 விழுக்காட்டில் பல் உடைந்திருந்தது. பச்சை இறைச்சியும் எலும்பும் தின்னும் வாயும் நோய்க்கு விலக்கல்ல.

எலும்பு

எலும்பு காரையை அகற்றும் என்பதில் ஐயமில்லை. 2016இல் வெளிவந்த பிரேசில் ஆய்வொன்றில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுக்க, பன்னிரண்டு நாளில் பல்லின்மேல் இருந்த காரையின் பெரும்பகுதி நீங்கியது. பல்லின் வெளிப்புறம் வெளுத்ததை வைத்து நோய் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஈறுக்கு உள்ளே இறங்கிய ஊத்தையை எலும்பு எட்டாது. எலும்பின் ஆபத்துகளும் சிறியவையல்ல.

- சமைத்த எலும்பு எதுவும் நாய்க்கு ஆகாது. குழம்பில் வெந்த கோழி, ஆட்டு எலும்புகள் கூரிய சிம்புகளாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும்.
- மாட்டுக் கால் எலும்பு, மான்கொம்பு, காய்ந்த குளம்பு ஆகியவை பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினம். இவற்றைக் கடிப்பதால் மேல்வரிசை அறுக்கும் பல்லின் பக்கம் பட்டையாகப் பெயர்ந்து பற்கூழ் வெளிப்படும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றேனும் பதியாத பொருளை நாய்க்குத் தரக் கூடாது.
- பச்சைக் கோழி எலும்பில் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள் இருக்கலாம். சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள வீட்டில் அது நாயோடு நின்றுவிடுவதில்லை.
- மூங்கில் துண்டும் விறகுக் குச்சியும் எலும்புக்கு மாற்றல்ல. மேல்வரிசைப் பற்களுக்கு இடையே அண்ணத்தில் குறுக்காகச் சிக்கிக்கொள்ளும். நாய் முன்காலால் வாயைப் பிராண்டுவதும் வாய்நாற்றமுமே முதலில் தெரியும்.

காய்கறித் தோட்டக் காவலில் நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய், மெல்ல வேறொன்றும் இல்லாமல் சங்கிலியையே கடிக்கும். கோரைப்பற்களின் பின்புறம் தேய்ந்து மெலிந்து, ஒருநாள் முறியும். பாதுகாப்பான மெல்பொருள் ஒன்று கொடுப்பதும் கட்டை அவிழ்த்து உலாவ விடுவதும் இங்கே பல் மருத்துவமே.

காரை கட்டாமல் தடுக்கும் சேர்மங்கள்

சில தீவனங்களிலும் மெல்குச்சிகளிலும் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட் பூசப்படுகிறது. உமிழ்நீரின் சுண்ணாம்பை அது பிடித்துவைத்துக்கொள்வதால் ஊத்தை காரையாக இறுகுவது தாமதமாகிறது. ஊத்தை படிவதை அது தடுப்பதில்லை. 2007இன் மேற்சொன்ன ஆய்வில் பெரிய மணியோடு இத்தகைய பாஸ்பேட்டும் சேர்ந்தபோது காரை மேலும் 55 விழுக்காடு குறைந்தது. பழுப்புக் கடற்பாசி வகையொன்றின் தூளைத் தீவனத்தில் தூவுவதும் ஊத்தையைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. அதில் அயோடின் மிகுதி என்பதால் தைராய்டு நோயுள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

உறையிலுள்ள ‘பல் பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு அதுவே சான்றாகாது. அமெரிக்காவில் 1997இல் அமைந்த விலங்கு வாய்நலக் குழு, உற்பத்தியாளர் நடத்திய சோதனைகளைச் சரிபார்த்து முத்திரை வழங்குகிறது. தீவனம் வாங்குவோர் அந்த முத்திரையை நம்பலாம். மெல்குச்சிகளுக்கும் கலோரி உண்டு. அன்றாடத் தீனியில் அந்த அளவைக் கழிக்காவிட்டால் நாய் பருத்துவிடும்.

தாடைக்கு உள்ளிருந்து காவல்

பல்லை வெளியிலிருந்து துடைப்பது ஒரு பக்கம். தாடையெலும்பை உள்ளிருந்து கட்டுவது மறுபக்கம். சோறும் சதைக்கறியும் மட்டும் தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. 100 கிராம் கோழிச் சதையில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருக்க, சுண்ணாம்பு 10, 15 மில்லிகிராமைத் தாண்டாது. நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸுக்குச் சமமான, அல்லது இருமடங்கு வரையான சுண்ணாம்பு. பற்றாக்குறை நீடித்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கிறது. தாடையெலும்பு முந்தித் தேய்கிறது. முற்றிய நிலையில் தாடை ரப்பர் போல வளையும், பற்கள் ஆடும்.

10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு 0.7 கிராம் அளவில் சுண்ணாம்பு தேவை. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராம் வரை இருக்கிறது. ஓட்டைக் கொதிக்கவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்து, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சோற்றில் கலந்தால் போதும். முள்ளோடு அரைத்த நெத்திலியும் நல்ல வழி. கருவாடாக இருந்தால் ஊறவைத்து, உப்பு நீங்கப் பலமுறை அலச வேண்டும்.

வைட்டமின் டி-யில் நாய்க்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாயின் தோல் வெயிலிலிருந்து அதைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை. ஆகவே மலையின் மூடுபனிக்கும் நாயின் எலும்புக்கும் தொடர்பில்லை; முட்டை மஞ்சள் கருவும் மத்தி போன்ற கொழுப்பு மீனுமே அதற்கு ஆதாரம். வைட்டமின் சி-யையோ நாயின் ஈரல் தானே தயாரித்துக்கொள்கிறது. ஈறு வலுக்க ஸ்ட்ராபெரி ஊட்ட வேண்டியதில்லை.

குட்டிக்குச் சுண்ணாம்புத் தேவை ஆற்றலின் அளவுக்கு ஒப்பிட்டால் வளர்ந்த நாயைவிட இருமடங்குக்கும் மேல். கட்டிப் பாலைக் கரைத்து ஊற்றிச் சோறு பிசைந்து வளர்க்கும் குட்டிக்குச் சர்க்கரை சேரும். எலும்புக்கு வேண்டியது சேராது. தாய்ப்பால் மறந்தது முதல் குட்டிகளுக்கான முழுத் தீவனமே பாதுகாப்பானது. சுண்ணாம்பு மிகுந்தாலும் பெரிய இனக் குட்டிகளின் எலும்பு கோணுமாதலால் முழுத் தீவனத்துக்கு மேல் சுண்ணாம்பு சேர்க்கக் கூடாது. நிலைப்பல்லின் எனாமல் உருவாகும் மாதங்களில் டிஸ்டெம்பர் காய்ச்சல் வந்தால் எனாமல் குழிகுழியாகக் குறைபடும். தடுப்பூசியும் பல்லைக் காக்கும் செயல்களில் ஒன்று.

தேயிலையும் காய்கறியும்

தேயிலையிலுள்ள கேட்டச்சின் என்னும் சேர்மங்கள் ஈறுநோய்க் கிருமிகளை அடக்குவது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்தி. அதை நம்பி நாய்க்குத் தேத்தண்ணி ஊற்றுவது தவறு. கஃபீன் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சென்றாலே நாய்க்குப் படபடப்பும் வாந்தியும் தொடங்கும். 60 மில்லிகிராமில் வலிப்பு வரும். உலர்ந்த தேயிலையில் கஃபீன் 3 விழுக்காடு என்று கொண்டால், 10 கிராம் தூளைத் தின்ற 10 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் ஏறிவிடும். வடிகட்டிய சக்கையிலும் கஃபீன் மிஞ்சுகிறது. பாலும் சர்க்கரையும் கலந்த சக்கையை நாய் விரும்பித் தின்னும் என்பதால் அதை மூடிய வாளியில் கொட்டுவது நலம்.

மலையின் காய்கறிகளில் பச்சைக் கேரட்டும் முட்டைக்கோஸின் தண்டும் நாய் மெல்லத் தக்கவை. கலோரி குறைவு, பல்லை உடைக்காது. காரையைக் குறைப்பதில் இவை சோதிக்கப்பட்ட மெல்குச்சிக்கு ஈடாகா. பூச்சிமருந்து போக நன்கு கழுவியே தர வேண்டும். சோளக்கதிரின் சக்கை நாய்க்கு ஆகாது. துண்டாக விழுங்கப்பட்டுக் குடலை அடைக்கும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவைச் சிதைப்பவை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே நஞ்சாகப் போதும். சிறிது சிறிதாகப் பல நாள் சென்றாலும் சோகை வரும். சமைத்தாலும் இந்த நஞ்சு போகாது. நாய்க்கான சோற்றைத் தாளிக்கும் முன்பே எடுத்துவைப்பது எளிய வழி.

உணவின் எல்லை

உணவு, ஊத்தை படியும் வேகத்தைக் குறைக்கும், காரை இறுகுவதைத் தள்ளிப்போடும், தாடையை வலுவாக்கும். படிந்த காரையை ஈறுக்கு அடியிலிருந்து எடுக்காது. 1975இல் லிண்டே, ஹாம்ப், லோ ஆகியோர் வெளியிட்ட நான்காண்டு ஆய்வில், எல்லா பீகிள் நாய்களும் ஊத்தை படியத் தூண்டும் மென்மையான உணவையே உண்டன. தினம் இருமுறை பல் துலக்கப்பட்டவற்றின் ஈறு நான்காண்டும் நலமாக இருந்தது. துலக்காதவற்றில் ஈறழற்சி வந்தது, பலவற்றில் எலும்பும் கரைந்தது. மென்சோறு தின்னும் நாயைக்கூடத் துலக்கல் காக்கும் என்பதும், எவ்வளவு நல்ல உணவும் துலக்கலுக்கு நிகராகாது என்பதும் இதிலிருந்து கிடைக்கும் இரு முடிவுகள்.

ஊத்தை இறுக இரண்டு, மூன்று நாளே ஆவதால் துலக்கல் தினமும் நடக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷோ, விரலில் சுற்றிய ஈரத்துணியோ போதும். பல்லின் வெளிப்புறத்தை ஈறோரமாகத் தேய்த்தாலே பெரும்பயன். மனிதப் பற்பசை கூடாது. நாய் அதைத் துப்பாது, விழுங்கும். சிலவற்றிலுள்ள சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறக்கிவிடும்.

வாய்நாற்றம், ஒரே பக்கமாக மெல்லுதல், கண்ணுக்குக் கீழ் வீக்கம், எச்சிலில் இரத்தம் ஆகியவை மருத்துவருக்கான குறிகள். மயக்கமருந்தும் எக்ஸ்ரேவும் கொண்ட மருத்துவமனையில்தான் ஈறின் அடி சுத்தமாகும். அதற்காக ஈப்போ பக்கம் மலையிறங்க நேரலாம். மயக்கமின்றி வெளிக்காரையை மட்டும் சுரண்டுவது பல்லைப் பளிச்சிட வைக்கும். நோய் உள்ளேயே இருக்கும். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்குக்கு ஏற்ற உணவளிப்பதையும் நோயிலிருந்து காப்பதையும் உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது.

நோய் முற்றிப் பற்கள் பிடுங்கப்பட்ட நாய்க்கு உணவின் விதி தலைகீழாகும். மெல்குச்சியும் பெரிய மணியும் அதற்கு வேண்டாம். நீரில் ஊறிய தீவனமோ, குழையச் சமைத்த சோற்றில் மசித்த மீனும் முட்டையும் முட்டையோட்டு மாவும் கலந்ததோ போதும். ஈறு ஆறிய பின் பல்லில்லாத நாயும் வலியின்றி உண்டு உடல் தேறும். ஒரு சில பற்கள் எஞ்சியிருந்தால் அவற்றுக்குத் தினத் துலக்கல் தொடர வேண்டும். மென்னுணவு அவற்றைத் துடைக்காது.